மூன்று வருடம் கால்சியம் மாத்திரை போட்டும் அம்மாவின் எலும்பு ஏன் தேய்ந்தது?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான். அம்மாவுக்கு 61 வயது, வில்லிவாக்கத்தில் உங்களோடு இருக்கிறார், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று வருடமாகத் தினமும் காலையில் தைராய்டு மாத்திரையோடு ஒரு கால்சியம் மாத்திரையும் போட்டுக்கொள்கிறார். ரத்தத்தில் கால்சியம் 9.2, நார்மல் என்று லேப் ரிப்போர்ட். ஆனால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பு எலும்பின் டி-ஸ்கோர், அதாவது இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், மைனஸ் 2.7. ரத்தத்தில் சரியாக இருக்கும்போது எலும்பு எப்படித் தேயும், மாத்திரையை நிறுத்திவிடலாமா, பக்கத்து வீட்டு அத்தை சொல்வதுபோல கிட்னியில் கல் வருமா, கேழ்வரகும் பிரண்டையும் கொடுத்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். நான்கு கேள்விகள் என்றாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கால்சியம் சாப்பிட்டால் எலும்பு பலமாகும் என்றார்களே, அது உண்மையா?

நான் சென்னையில் எலும்பு மூட்டு மருத்துவர். விழுந்து இடுப்பு ஒடிந்து வரும் பெரியவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்வது பல வருடங்களாக என் வேலையில் பெரும்பகுதி. அம்மாவை நான் பார்க்கவில்லை. அதனால் இன்ன மருந்து கொடுங்கள் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது: கால்சியம் இல்லாமல் எலும்பு நிற்காது, கால்சியத்தால் மட்டும் எலும்பு நிற்கவும் செய்யாது. இந்த இரண்டாவது பாதியை மாத்திரை எழுதிக் கொடுக்கும்போது யாரும் சொல்வதில்லை.

முதலில் அந்த 9.2. பெரியவர் ஒருவரின் உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். மிச்சமுள்ள ஒரு சதவீதத்தை வைத்துத்தான் இதயம் துடிக்கிறது, தசை சுருங்குகிறது, நரம்பு சேதி கடத்துகிறது, ரத்தம் உறைகிறது. அந்தக் கொஞ்சம் குறைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், ரத்தத்தில் கால்சியத்தை ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் உடம்பு இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்பக்கம் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் லேசாகக் குறைந்தாலே அவை ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஹார்மோன் எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை வெளியே எடுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும், வைட்டமின் டி-யை கிட்னியில் செயல்படும் வடிவத்துக்கு மாற்றிக் குடல் கூடுதலாக உறிஞ்சும்படி செய்யும். ஆக, 9.2 என்ற எண் இந்தக் காவல் ஒழுங்காக நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. எலும்பைச் செலவழித்தே அந்த எண் வந்திருக்கவும் கூடும். எலும்பு தேய்ந்து என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தக் கால்சியம் நார்மல்தான். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்; அது பொய் சொல்கிறது என்று கோபப்படவும் வேண்டாம். எலும்பைப் பற்றி அதனிடம் கேட்கவே கூடாது.

அடுத்தது, எலும்பு என்பது கால்சியக் கட்டி இல்லை. காய்ந்த எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம், அதிலும் பெரும்பகுதி கொலாஜன். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் இதன் அமைப்பை 1954இல் கண்டு சொன்னவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகா கோபிநாத் கர்த்தாவும். உலகமே படிக்கும் இந்த விஷயம் இந்த ஊரில் நடந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த கொலாஜன் கம்பி மாதிரி. அதைச் சுற்றிப் படியும் கால்சியம் பாஸ்பேட் கான்கிரீட் மாதிரி. கம்பி வளைந்து கொடுக்கும், கான்கிரீட் பாரம் தாங்கும். இதைக் கட்டவும் இடிக்கவும் எலும்புக்குள்ளேயே தனித்தனி செல்கள் உண்டு. வருடத்துக்குச் சுமார் பத்து சதவீத எலும்பு இடித்துக் கட்டப்படுகிறது. வாசலில் சிமெண்ட் மூட்டைகளை இறக்கிவிட்டால் வீடு தானாக எழும்பாது அல்லவா? கொத்தனார் வேலைக்கு வர வேண்டும், இடிக்கிறவரின் கை கட்டுக்குள் இருக்க வேண்டும். கால்சியம் மாத்திரை செய்வது சிமெண்ட் இறக்குவதை மட்டும்தான்.

இடிக்கிற செல்களைக் கட்டுக்குள் வைப்பதில் பெண்களுக்குப் பெரிய பங்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கு. சுமார் 30 வயதுவரை எலும்பு சேர்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் ஐந்து முதல் ஏழு வருடங்களில் வேகமாகக் கரைகிறது. சிலருக்கு அந்தக் காலத்திலேயே இருப்பில் பத்து முதல் இருபது சதவீதம் போய்விடும். அம்மா மாத்திரையைத் தொடங்கியபோது அந்தக் கட்டம் முடிந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு டெக்ஸா எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த மைனஸ் 2.7 மாத்திரை தோற்றதற்குச் சாட்சி ஆகாது. அன்றைக்கே மைனஸ் 2.6 இருந்திருக்கலாம். தொடக்கப் புள்ளி தெரியாமல் மாத்திரையைக் குற்றம் சொல்ல முடியாது.

சரி, மாத்திரையால் முறிவு குறையுமா? இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரான்சில் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 1992இல் வந்தது, சராசரி வயது 84. தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டி-யும் கொடுத்ததில் பதினெட்டு மாதத்தில் இடுப்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. மாத்திரை உலகமெங்கும் பரவியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு 2006இல் அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் டி-யும் கொடுத்துப் பார்த்தார்கள். இடுப்பு எலும்பின் அடர்த்தி ஒரு சதவீதம் கூடியது. முறிவு குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது இடுப்பு முறிவு 29 சதவீதம் குறைவு. ஆனால் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பார்கள் என்பதால் அந்தக் கணக்கை நான் முழுதாக நம்புவதில்லை.

இரண்டும் முரண்படுவதாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரெஞ்சுப் பாட்டிகளுக்கு உணவில் கால்சியமும் குறைவு, டி-யும் குறைவு. அமெரிக்கப் பெண்களோ சாப்பாட்டிலும் ஏற்கனவே எடுத்த மாத்திரையிலும் சராசரியாக 1,100க்கு மேல் பெற்றுக்கொண்டிருந்தவர்கள். குறையிருக்கும் இடத்தில் கொடுத்தால் பலன் உண்டு, நிறைந்த இடத்தில் மேலும் ஊற்றினால் வழிந்து போகும். நம் அம்மாக்கள் எந்தப் பக்கம்? காலை இட்லி, மதியம் சாதம் சாம்பார், ராத்திரி இரண்டு தோசை, நடுவில் இரண்டு காபி என்று சொல்கிறவர்களிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் 400, 500 மில்லிகிராமைத் தாண்டாதவர்களே அதிகம். அதனால் அமெரிக்க ஆய்வைக் காட்டி இங்கே மாத்திரை வீண் என்பது சரியில்லை. அதே சமயம் நம் ஊர்ப் பெண்களிடம் அந்த அளவுக்குப் பெரிய முறிவு ஆய்வு நடக்கவில்லை என்பதால், நான் சொல்வது நியாயமான ஊகம்தான், நிரூபணம் இல்லை.

எவ்வளவு வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. அதற்கு முந்தைய பரிந்துரையில் பெரியவர்களுக்கு 600தான் இருந்தது. இதைச் சாப்பாட்டிலேயே எட்ட முடியுமா என்றால், நம் சமையலில் முடியும், மெனக்கெட வேண்டும். பசும்பால் 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம். பாலும் தயிரும் சேர்த்து இரண்டு டம்ளர் உள்ளே போனால் 480. காபியில் கலக்கும் பாலை ஒரு டம்ளர் என்று கணக்கு வைக்காதீர்கள், அளந்து பார்த்தால் பாதிகூட இருக்காது. கேழ்வரகு 100 கிராமுக்கு 360 சொச்சம். இரண்டு அடைக்கு அறுபது கிராம் மாவு என்றால் 215. முருங்கைக்கீரை 100 கிராமுக்கு 300க்கு மேல், அகத்திக்கீரை 900. எள்ளில் 100 கிராமுக்கு 1,200க்கு மேல். இட்லிப் பொடியில் எள் கூட்டி அரைப்பது என் வீட்டிலும் உண்டு. அசைவம் சாப்பிடுபவர் என்றால் முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலி. ஆனால் இலையில் இருப்பதெல்லாம் ரத்தத்துக்குப் போகாது. பாலில் இருப்பதில் முப்பது சதவீதம் அளவுக்கு உடம்பு எடுத்துக்கொள்ளும். பாலக்கீரையில் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆக்சலேட் அதிகம், அதிலிருந்து ஐந்து சதவீதம்தான் கிடைக்கும். கேழ்வரகில் பைட்டேட் என்ற பொருள் அதேபோலக் கொஞ்சம் தடுக்கும். முளைகட்டினாலும் கூழாகப் புளிக்க வைத்தாலும் அந்தத் தடை குறையும். பாட்டிகள் கூழைப் புளிக்க வைத்தது ருசிக்காக இருக்கலாம், பலன் எலும்புக்கும் சேர்ந்தது.

பிரண்டையைப் பற்றிக் கேட்டீர்கள். விலங்குகளிடம் செய்த ஆய்வுகளும், முறிவு ஆறுவது குறித்து மனிதர்களிடம் செய்த சில சிறிய ஆய்வுகளும் நம்பிக்கை தரும்படி இருக்கின்றன. டி-ஸ்கோர் மைனஸ் 2.7 உள்ள ஒருவருக்கு மருந்துக்குப் பதிலாகக் கொடுக்கும் அளவுக்கு அவை போதாது. துவையலாக அரைத்துக் கொடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆட்டுக்கால் சூப்பில் எலும்பு வேகிறதே என்பார்கள். தண்ணீரில் இறங்கும் கால்சியம் மிகக் கொஞ்சம். கால்சியத்துக்கு அதை நம்ப வேண்டாம். உணவைப் பற்றி இன்னொன்று: ரசம் சாதம், அப்பளம், ஊறுகாய் என்று வயதான பெண்கள் சாப்பாட்டைச் சுருக்கிக்கொள்வது எனக்குப் பெரிய கவலை. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடுதலாகப் போகும். புரதம் குறைந்தால் எலும்பும் தசையும் சேர்ந்தே மெலியும். ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் 7,195 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பாதி இல்லங்களில் மாத்திரை எதுவும் கூட்டாமல் பால், தயிர், பாலாடைக்கட்டியை மட்டும் கூட்டினார்கள். அங்கே மொத்த முறிவுகள் 33 சதவீதமும், இடுப்பு முறிவு 46 சதவீதமும் குறைந்தன. கால்சியத்தோடு புரதமும் சேர்ந்து போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்திய வரிக்கு வருகிறேன். தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ஒரே நேரத்தில். இதை நாளையிலிருந்தே மாற்றுங்கள். கால்சியம் குடலில் தைராய்டு மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது ரத்தத்தில் சேராது. தைராய்டு போதவில்லை என்று காட்டும் டிஎஸ்ஹெச் அளவு ரத்தத்தில் கூடும், டாக்டர் தைராய்டு டோஸைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் கால்சியத்தை நிறுத்தினால் அந்தக் கூடுதல் டோஸ் முழுதாக உள்ளே போகும், தைராய்டு ஹார்மோன் அதிகமானால் எலும்பு வேகமாகக் கரையும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். காலை வெறும் வயிற்றில் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு கால்சியம் என்று வைத்துக்கொள்வது எளிது. நேரத்தை மாற்றிய ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் மறுபடி பார்த்து டோஸ் சரிதானா என்று கேட்டுவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதற்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி, தைராய்டு மாத்திரையிலிருந்து அதற்கும் நான்கு மணி நேரம்.

மாத்திரை அட்டையையும் திருப்பிப் படியுங்கள். கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500. சிட்ரேட் என்றால் எடையில் 21 சதவீதம்தான் கால்சியம். கார்பனேட்டைக் கரைக்க வயிற்று அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் காலையில் போட்டதில் பலன் குறைந்திருக்கும். கேஸ் மாத்திரை என்று பாண்டோபிரசோல், ஒமெப்ரசோல் தினமும் எடுப்பவர்களுக்கு சிட்ரேட் பொருத்தம். ஒரே வேளையில் 500க்கு மேல் குடல் நன்றாக உறிஞ்சாது. சாப்பாட்டுக் கணக்கு 700, 800 வந்தால் ஒரு 500 மாத்திரை போதும், இரண்டு வேண்டாம்.

கல் பயம் முழுக்கப் பொய்யில்லை. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கிட்னி கல் 17 சதவீதம் கூடுதல். ஆனால் 45,000க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து பார்த்து 1993இல் வெளியான ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்குக் கல் குறைவாகவே வந்தது. காரணம், சாப்பாட்டோடு போகும் கால்சியம் கீரையில், பருப்பில் உள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும். சாப்பாடு இல்லாமல் போடும் மாத்திரைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே கல் பயத்தில் பாலையும் தயிரையும் நிறுத்துவது தலைகீழ் வைத்தியம். அம்மாவுக்கு முன்பு கல் வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லி 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் அளந்து முடிவெடுங்கள். சென்னை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிப்பது கல்லுக்குத் தனிக் காரணம். மாத்திரையால் மாரடைப்பு கூடுமா என்பது 2008இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஆய்வில் தொடங்கி இன்னும் ஓயாத விவாதம். கூடும் என்றும் இல்லை என்றும் தகுதியான ஆட்களே சொல்கிறார்கள். எனவே உணவை முதலில், மாத்திரையைக் குறைக்கு மட்டும் என்பது என் வழக்கம்.

வைட்டமின் டி இல்லாமல் இவ்வளவும் வீண். பதின்மூன்றாவது அட்சரேகையில் வருடம் முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் டி குறையுமா என்று கேட்பார்கள்; குறைகிறது, அதுவும் ஏராளமானோருக்கு. தோலில் டி உண்டாக்கும் புறஊதா பி கதிர், நம் நிழல் நம் உயரத்தைவிடச் சிறிதாக விழும் நேரத்தில்தான் போதிய அளவு தரையை எட்டும். காலை ஏழு மணி வாக்கிங் இதயத்துக்கு நல்லது, டி-க்கு உதவாது. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலும் உதவாது. மாநிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். ஒரு காலத்தில் பதினொரு மணி வெயிலில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்தவர்கள் இன்று கிரில் கேட்டுக்குள் இருக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் பெரியவர்களை உச்சி வெயிலில் நிற்கவைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ரத்தத்தில் டி அளவைப் பார்த்து 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருந்தாகக் கொடுப்பதே மேல். அந்த அளவு 20 போதுமா, 30 வேண்டுமா என்பதில் வல்லுநர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 60,000 யூனிட் பவுடரை வாரம் ஒன்று என எட்டு வாரம் எழுதுவார்கள். அதை வருடக்கணக்கில் வாரந்தோறும் தொடராதீர்கள், ரத்தக் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் எல்லாம் வரும். ஒரே ஊசியில் ஆறு லட்சம் யூனிட் போடுவதும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் வருடத்துக்கு ஒருமுறை ஐந்து லட்சம் கொடுத்துப் பார்த்து 2010இல் வெளியான ஆய்வில் பெண்கள் கூடுதலாக விழுந்தார்கள், கூடுதலாக எலும்பும் முறிந்தது.

ஆனால் மைனஸ் 2.7 இத்தோடு சரியாகாது. மைனஸ் 2.5, அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். இந்த நிலையில் இடிக்கும் செல்களை அடக்கும் மருந்து பற்றிப் பேசியாக வேண்டும். வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட், வருடம் ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி என்று வழிகள் உண்டு. அலென்ட்ரோனேட் 1996 ஆய்வில், ஏற்கனவே முதுகெலும்பு முறிந்திருந்த பெண்களுக்கு அடுத்த முதுகெலும்பு முறிவையும் இடுப்பு முறிவையும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. கால்சியம் தனியாக அந்தப் பக்கமே நெருங்கியதில்லை. தாடை எலும்பு பாதிப்பு, தொடை எலும்பில் வழக்கத்துக்கு மாறான முறிவு ஆகியவை மிக அரிதாக வரும் பக்கவிளைவுகள். பல் பிடுங்கும் வேலை இருந்தால் முதலில் முடித்துவிடுங்கள். டெனோசுமாபைத் தொடங்கினால் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது, எலும்பு திடீரென்று கரையும். இந்த மருந்துகளுக்கு முன் டி-யும் கால்சியமும் போதிய அளவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தக் கால்சியம் ஆபத்தாக இறங்கும். ஆகவே நிறுத்திவிடலாமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: வேண்டாம், நேரத்தை மாற்றித் தொடருங்கள்.

மருந்துக்கு முன் தேய்மானத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கிரியாட்டினின், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பேட்டேஸ், டி அளவு, பாராதைராய்டு ஹார்மோன், டிஎஸ்ஹெச், முழு ரத்தப் பரிசோதனை, ஈஎஸ்ஆர் ஆகியவை போதும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ ஸ்டீராய்டு எடுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பாராதைராய்டு அதிகமாக இருந்தாலோ கிட்னி பழுதிருந்தாலோ ஹார்மோன் மருத்துவரிடம் அனுப்புவேன், அது என் எல்லைக்கு அப்பால். அடுத்த டெக்ஸாவை ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே மெஷினில் எடுங்கள். மெஷின் மாறினால் எண்ணை ஒப்பிட முடியாது. அபார்ட்மெண்ட் முகாம்களில் குதிகாலில் வைத்துச் சொல்லும் எண்ணை டெக்ஸாவோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

இதற்கிடையில் அவர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் இடுப்பு முறிவுகளில் பெரும்பாலானவை ராத்திரி பாத்ரூமுக்குப் போகும் வழியில், ஈர டைல்ஸில், தடுக்கும் மிதியடியில் நடந்தவை. பாத்ரூமில் கைப்பிடி, ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு, கண்புரை பரிசோதனை. தூக்க மாத்திரை போடுகிறாரென்றால் தேவைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்லுங்கள். முட்டி வலி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது மூட்டுக் குருத்தெலும்பு தேய்வதால் வருவது, எலும்பு மெலிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கால்சியத்தால் குறையாது. எலும்பு மெலிவது உடையும்வரை வலிக்காது. ஆனால் குனிந்து பக்கெட் தூக்கியபோது திடீரென்று நடு முதுகில் வலி பிடித்தாலோ, முன்னைவிட உயரம் குறைந்த மாதிரி தெரிந்தாலோ, வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் அன்றே முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.